பண்டித ரமாபாய் அம்மையார்

பசித்து வந்தவர்க்கு ஒருவேளை உணவளித்தல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் அறம். அன்னசத்திரங்களுக்கும் அநாதை விடுதிகளுக்கும் இங்கே என்றும் குறைவிருந்ததில்லை. ஆயின் திக்கற்ற ஓர் இளம்பெண்ணை ஏற்று, உண்டியும் உடையும் கொடுத்து, கல்வியும் கைத்தொழிலும் பயிற்றி, ஒருநாள் அவள் எவர் தயவையும் நாடாமல் தானே உலகில் நடந்து செல்லுமாறு விடுத்தல் வேறொரு செயலாகும். அதற்குப் பொருள் மாத்திரம் போதாது. பிடித்த கையை உரிய காலத்தில் விட்டுவிடும் துணிவும் வேண்டும். பண்டித ரமாபாய் அம்மையாரை வடமொழிப் பண்டிதை என்று சிலரும், கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியவர் என்று சிலரும், மராத்தி வேதாகமத்தை மொழிபெயர்த்தவர் என்று சிலரும் அறிவர். ஈண்டு யான் சொல்லப் புகுந்தது, ஆதரவற்ற பெண்களைத் தம் காலில் நிற்கச் செய்வதற்கு அவர் முயன்ற வரலாறும், அம்முயற்சியில் அவருக்கு நேர்ந்த இடர்களுமேயாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில், துங்கை பத்திரை ஆறுகள் தோன்றும் கங்காமூலம் என்னும் காட்டில், 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் ரமாபாய் பிறந்தார். ஓர் அந்தணக் குடும்பம் ஊரைவிட்டுக் காட்டில் குடியிருந்ததற்குக் காரணம் உண்டு. தந்தையாராகிய அனந்த சாஸ்திரி டோங்கரே சித்பாவன அந்தணர்; வடமொழியில் வல்லுநர். இளமையில் தம் ஆசிரியருடன் பேஷ்வாவின் அரண்மனைக்குச் சென்றிருந்தபோது, அவ்வரசரின் தேவி வடமொழிச் சுலோகங்களைப் பிழையற ஓதக் கேட்டு வியந்தார். தம் மனைவிக்கும் அம்மொழியைக் கற்பிப்பதென்று அன்றே உறுதிகொண்டார். முதல் மனைவியிடத்தில் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அவ்வம்மை இறந்தபின், யாத்திரை சென்ற வழியில் கோதாவரிக் கரையில் சந்தித்த ஒருவர் தம் ஒன்பது வயது மகளை அவருக்கு மணம்செய்து கொடுத்தார். நாற்பதைக் கடந்தவருக்கு ஒன்பது வயது மனைவி! அக்கால வழக்கம் எத்தகையது என்பதை இம்மணம் ஒன்றே காட்டும். ஆயினும் அச்சிறுமிக்குச் சாஸ்திரியார் கல்வி கற்பித்தார். பெண்ணுக்கு வடமொழி கற்பிப்பது சாஸ்திரத்துக்கு முரண் என்று உறவினரும் ஊராரும் எதிர்த்தனர். உடுப்பியில் பண்டிதர் சபையில் நின்று, அதற்குத் தடையில்லை என்று நூலாதாரங்களைக் காட்டி வாதித்தார். பின்பு ஊரார் பகையை வெறுத்துக் காட்டில் குடிசை கட்டி, மாணாக்கரைச் சேர்த்து வாழலானார். அக்குடிசையிற் கற்ற லட்சுமிபாயே பிற்காலத்தில் தம் மகள் ரமாபாய்க்கு ஆசிரியை ஆனார்.

வருவோர்க்கெல்லாம் விருந்தளித்துப் பொருள் கரைந்தது. கடன் மிகுந்தது. ரமாபாய் சில மாதக் குழந்தையாயிருக்கையில் அக்குடும்பம் யாத்திரை புறப்பட்டது. குழந்தையைக் கூடையில் வைத்துச் சுமந்து சென்றனர். அதன்பின் அவர்களுக்கு நிலையான வீடு என்பது இல்லை. கோயில் வாயில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் வாசித்து, கேட்டோர் கொடுத்ததைப் பெற்று வாழ்ந்தனர். தாய் விடியற்காலையில் மகளை மடியில் இருத்திச் சுலோகங்களை ஓதுவிப்பார். பன்னிரண்டு வயதிற்குள் பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களை ரமாபாய் மனனம் செய்தார் என்பர். ஆனால் வயிற்றுப்பாட்டுக்குரிய தொழில் ஒன்றையும் பிள்ளைகள் கற்கவில்லை. உலகக் கல்வியும் கைத்தொழிலும் சமய வாழ்வுக்கு இழுக்கு என்று பெற்றோர் கருதினர்போலும். இக்குறையின் விலையை அவர்கள் பின்னர்க் கொடுக்க நேர்ந்தது.

1874ஆம் ஆண்டையொட்டிச் சென்னை இராஜதானியில் பஞ்சம் வந்தது. பெற்றோரும், தமக்கை கிருஷ்ணாபாயும், தமையன் ஸ்ரீநிவாசரும், ரமாபாயும் கைப்பொருள் அனைத்தையும் இழந்து, பாத்திரங்களையும் விற்றுத் தின்று தீர்த்தனர். பிச்சையெடுக்க நாணிக் கூலிவேலை தேடினால், வேலை செய்து பழகாத அந்தணப் பிள்ளைகளை எவர் ஏற்பர்? எம் வட்டாரத்து மக்கள் இன்றும் யாத்திரை போகின்ற திருப்பதியை அடுத்த காட்டில், இலைகளையும் காய்களையும் தின்று பல நாட்களைக் கழித்தனர். தந்தையார் அங்கே உயிர்நீத்தார். சில வாரங்களில் தாயும் இறந்தார். பின்பு தமக்கையும் மாண்டார். தமையனும் பதினாறு வயதுத் தங்கையும் எஞ்சினர். வடமொழி நூற்கடல் முழுவதும் அவர்கள் நாவில் இருந்தது. ஒருபிடி அரிசிக்கு வழி இல்லை. பிற்காலத்தில் ரமாபாய் அமைத்த இல்லங்களில் ஏட்டுக்கல்வியோடு கைத்தொழிலும் ஏன் கட்டாயமாயிற்று என்று வினவுவார்க்கு, அத்திருப்பதிக் காட்டைச் சுட்டிக்காட்டினாற் போதும்.

தமையனும் தங்கையும் ஏறத்தாழ நாலாயிரம் மைல் தூரம் கால்நடையாகவே இந்தியாவைச் சுற்றினர் என்பர். குளிருக்குப் போர்வையின்றி ஆற்றுமணலில் குழிதோண்டிப் புதைந்து படுத்த இரவுகளும் உண்டு. 1878ஆம் ஆண்டு கல்கத்தாவை அடைந்தனர். ஆங்கே பண்டிதர்கள் அவ்விளம்பெண்ணின் புலமையைச் சோதித்து வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் சூட்டினர். அவர் பெயர் நாடெங்கும் பரவியது. 1880ஆம் ஆண்டு தமையன் இறந்தார். அவ்வாண்டிலேயே பிபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைச் சாதி வரம்பு கடந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மனோரமா என்னும் மகள் பிறந்தாள். கணவரும் மனைவியும் இளம் விதவைகளுக்கு ஒரு பள்ளி தொடங்க எண்ணியிருந்தனர். 1882ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கணவர் வாந்திபேதியால் மாண்டார். இருபத்துமூன்று வயதில், கையில் ஒரு குழந்தையோடு, ரமாபாய் தாமே விதவையானார்.

பூனாவுக்குத் திரும்பிய அம்மையார் ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். அவ்வாண்டு ஹண்டர் கல்விக் குழுவினர் முன் சாட்சியம் அளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டுமென்று வற்புறுத்தினார். தாமே மருத்துவம் கற்க விரும்பினார். ஸ்திரீ தர்ம நீதி என்னும் மராத்தி நூலை எழுதி, அது விற்ற பணத்தைக் கொண்டு 1883ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வாண்டேஜ் என்னும் ஊரில் கன்னித்துறவியர் மடத்தார் அவருக்கு இடமளித்தனர். உண்ணும் உணவுக்கு ஈடாக, இந்தியாவுக்கு வரவிருந்த துறவியர்க்கு மராத்தி கற்பிப்பதென்றும், அவர்களிடம் ஆங்கிலம் கற்பதென்றும் ஏற்பாடு. இலவசமாக உண்ண அவர் மனம் ஒப்பவில்லை. பழுதுற்ற செவியால் மருத்துவப் படிப்புக் கைகூடவில்லை. உடன் வந்த தோழி ஒருத்தி மனங்கலங்கித் தன் உயிரைப் போக்கிக்கொண்ட துயரமும் அங்கே நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

அக்காலத்தில் அவர் கண்ட ஒரு காட்சி நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. லண்டனைச் சேர்ந்த புல்ஹாம் என்னுமிடத்தில், நெறி தவறியவர் என்று உலகம் தள்ளிய பெண்களுக்காக அத்துறவியர் ஓர் இல்லம் நடத்திவந்தனர். ரமாபாய் அதைச் சென்று பார்த்தார். தாம் கற்ற தர்ம சாஸ்திரங்கள் அத்தகைய பெண்களுக்குத் தண்டனையையே விதித்தன. இங்கோ அவர்கள் பரிவோடு ஏற்கப்பட்டு, வேலை பழகி, மனம் மாறிப் பிறர்க்கு ஊழியம் செய்பவராயிருந்தனர். சமாரியப் பெண்ணோடு இயேசு கிணற்றங்கரையில் உரையாடிய வரலாற்றை அத்துறவியர் வாயிலாகக் கேட்டார். தர்க்கத்தால் அசையாத பண்டிதையின் உள்ளத்தை இவ்வில்லம் அசைத்தது.

எனினும் தம்மை ஆதரித்தவர்களுக்கு அவர் அடிமைப்படவில்லை. ஞானத்தாயாகிய ஜெரால்டீன் சகோதரியாருக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போர் நீண்டது. திரித்துவம் முதலிய கோட்பாடுகளை ஆராயாமல் ஏற்க மறுத்தார். இலத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணியச் சொன்னபோது, தமக்கும் தம் நாட்டார்க்கும் புரியாத அம்மொழி எதற்கு, வடமொழியில் பொறித்தால் ஆகாதோ என்று வினவினார். புலால் உண்ண மறுத்தார். செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் வடமொழி கற்பித்துக்கொண்டே தாம் பிற கலைகளைப் பயின்ற நாளில், அவர் ஆடவர்க்குப் பாடம் சொல்லக் கூடாதென்று இந்தியாவிலிருந்த பேராயர் சிலர் தடுத்தனர். பண்டிதர் சபைகளில் ஆடவர் முன் பேசிப் பழகிய அவருக்கு அது அவமதிப்பாகவே தோன்றியது. சகோதரியார் அவரைச் செருக்குடையவர் என்று கருதினார். அக்கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. அவற்றை நோக்குவார்க்கு வேறொன்று தோன்றும். பிறர் சோற்றை உண்ணும் ஒருவர் தம் மனச்சாட்சியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுதல் எத்துணைக் கடினமானது என்பதை ரமாபாய் அங்கே தம் அனுபவத்தில் அறிந்தார். இதை நேயர்கள் மனத்திற் கொள்க. பத்தாண்டுகளுக்குப்பின் இவ்வினா அவர்மீதே திரும்பப் போகின்றது.

அம்மையாரின் உறவினராகிய ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெறும் விழாவைக் காண 1886ஆம் ஆண்டு பிலடெல்பியாவுக்குச் சென்றார். சில வாரங்களுக்கென்று சென்றவர் ஏறத்தாழ மூன்றாண்டு தங்கினார். குழந்தைகளுக்கு விளையாட்டு வாயிலாகக் கல்வி புகட்டும் கிண்டர்கார்டன் முறையைக் கற்றார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஊர் ஊராகப் பேசினார். அதன் பயனாகப் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் ஒன்று தோன்றி, பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி தருவதாக உறுதி கூறியது. இளம் விதவைகளுக்கான அவ்விடுதிப் பள்ளியில் எச்சமயத்தையும் போதித்தல் ஆகாது என்பது நிபந்தனை.

1889ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. முதல் நாள் மாணவியர் இருவரே. அவருள் கோதுபாய் என்னும் விதவை ஒருத்தி. குழந்தைப் பருவத்தில் மணந்து, குழந்தைப் பருவத்திலேயே கைம்மை எய்தி, கல்வி இன்னதென்று அறியாமல் இருபதைக் கடந்தவர். மறு ஆண்டு சதனம் பூனாவுக்கு மாற்றப்பட்டது. உயர்சாதிப் பெண்கள் தம் ஆசாரப்படி சமைத்து உண்ண வசதி இருந்தது; பூசை செய்வார்க்குத் தடையில்லை. மொட்டையடிக்கப்பட்டு வந்த சிறுமியரின் தலையில் மயிர் வளர்ந்தது. அவர்கள் தோட்டத்தில் ஓடி விளையாடினர், மலர்களைப் பறித்தனர். விதவையின் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்ற ஊரில் இது சிறு செயலன்று. எழுத்தும் கணக்கும் கற்றபின் சிலர் ஆசிரியைப் பயிற்சிக்கும், சிலர் மருத்துவத் தாதியர் பயிற்சிக்கும் அனுப்பப்பட்டனர். கோதுபாயின் கதை வேறு வகையாக முடிந்தது. பேராசிரியர் கார்வே என்பார் 1893ஆம் ஆண்டு அவரை மறுமணம் செய்துகொண்டார். விதவை மறுமணத்துக்குப் பூனா நகரமே கொதித்தெழுந்தது. ஆனந்திபாய் என்னும் புதுப்பெயர் பூண்ட அவ்வம்மையார், தம் கணவர் 1896ஆம் ஆண்டு தொடங்கிய விதவையர் இல்லத்துக்கு ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். அவ்வில்லத்தின் வழியே 1916ஆம் ஆண்டு பெண்களுக்கான பல்கலைக்கழகம் ஒன்று தோன்றியது. ரமாபாய் அம்மையாரின் சமயத்தைக் கோதுபாய் தழுவவில்லை. எனினும் அம்மையார் வளர்த்த பெண்களுள் தன் காலில் நின்றவர் யார் என்று என்னைக் கேட்பின், முதலில் அவரையே சொல்வேன்.

இனி அவ்விடர். ரமாபாய் நாடோறும் காலையில் தம் அறையில் மகளோடு வேதம் வாசித்து ஜெபிப்பது வழக்கம். அறைக்கதவு திறந்திருக்கும். அம்மையாரைத் தாயாகவே கருதிய சிறுமியர் சிலர் உள்ளே வந்து அமரலாயினர். அவர் அவர்களை அழைக்கவுமில்லை, விலக்கவுமில்லை. செய்தி வெளியே பரவியது. திலகரின் கேசரிப் பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்க்கர் முதலான சீர்திருத்தப் பெரியோர் ஆலோசனைக் குழுவில் இருந்தனர். நெடுநாள் துணைநின்ற அவர்களும் 1893ஆம் ஆண்டு விலகினர். இருபத்தைந்து பேர் அளவில் பெண்கள் வீட்டாரால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுட் பலர் அழுதுகொண்டே சென்றனர் என்று கூறுவர். மீண்டும் அவர்களுக்கு அடுக்களை மூலையும் முக்காடும்.

நம்மவர் எழுதும் சரித்திரங்களில் இந்நிகழ்ச்சியை எதிர்ப்பாரின் கொடுமை என்று ஒரே வரியில் முடித்துவிடுதல் வழக்கம். யான் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க வேண்டுமென்று எவரும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது; அது அவருடைய வீடு, அவருடைய மனச்சாட்சி. வயதுவந்த ஒரு பெண் தன் மார்க்கத்தைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும், உணவும் உறையுளும் அன்பும் ஒரே கையினின்று பெறுகின்ற பத்து வயதுச் சிறுமி, அக்கை கும்பிடும் தெய்வத்தைக் கும்பிட விரும்பினால், அவ்விருப்பம் எத்துணை அவளுடையது? வாண்டேஜில் ரமாபாய் தம் பெரியோரிடம் எழுப்பியது ஏறக்குறைய இவ்வினாவேயன்றோ? ரானடே போன்றோர் வன்மத்தால் விலகினாரல்லர். கொடுத்த வாக்குறுதி காக்கப்படவில்லை என்று அவர்கள் மெய்யாகவே கருதினர். பாஸ்டன் சங்கத்தாரோ விசாரித்து, அம்மையார் வரம்பு மீறவில்லை என்று கண்டு உதவியைத் தொடர்ந்தனர். இரு திறத்தாரும் நேர்மையாளரே. இளையோரைத் தங்கவைத்து வளர்க்கும் இல்லம் எதுவாயினும், அதன் அடிவாரத்தில் இவ்வினா கிடந்தே தீரும். கிறிஸ்தவ விடுதியிற் படிப்போராகிய நாம் இதனை மறுத்தல் இயலாது.

அமெரிக்க உதவி பத்தாண்டுக்கே என்பதை ரமாபாய் மறந்தாரில்லை. பெண்கள் எவ்வாறு தம் காலில் நிற்க வேண்டுமோ அவ்வாறே இல்லமும் நிற்க வேண்டுமென்று எண்ணி, பூனாவினின்று ஏறத்தாழ 35 மைல் தொலைவில் கேட்காவ்ம் என்னும் சிற்றூரை ஒட்டி நூறு ஏக்கர் நிலம் வாங்கினார். கிணறு வெட்டிப் பழமரங்களை நட்டார். பழம் விற்ற வருவாயாற் சதனத்தை நடத்துவது கருத்து. ஆனால் அம்மரங்கள் காய்க்குமுன் அந்நிலம் வேறொன்றுக்குப் பயன்பட்டது.

1896ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியது. அச்செய்தியைக் கேட்ட ரமாபாய்க்கு 1874ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. தாமே நேரிற் சென்றார். பஞ்ச நிவாரண விடுதிகளில் அவர் கண்ட கொடுமைகளுட் பசியினும் கொடியது ஒன்று. காவலற்ற இளம்பெண்களைப் பிடித்துச் சென்று விற்கும் தரகர் அங்கே திரிந்தனர். காக்க வேண்டியவர்களிலும் சிலர் அதற்கு உடந்தை. ஆகவே சிறுமியரையும் இளம் விதவைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். அப்பொழுது பூனாவிற் பிளேக் நோய் புகுந்தது. அத்துணைப் பேரை நகருக்குள் வைத்தலாகாதென்று அதிகாரிகள் தடைசெய்தனர். பழத்தோட்டத்தில் கூடாரங்களும் கொட்டகைகளும் எழுந்தன. முக்தி என்று அவ்விடத்துக்குப் பெயரிட்டார். விடுதலை என்பது அதன் பொருள்.

வந்தவர்கள் எலும்புந் தோலுமானவர்கள். பலர்க்குப் புண்ணும் நோயும். பசியில் பழகிய திருட்டும் பொய்யும் சண்டையும் எளிதில் அகலவில்லை. உணவைப் பிடுங்கி ஒளித்து வைத்தனர். நூற்றுக்கணக்கானவரைச் சம்பளத்துக்கு ஆள் வைத்து வளர்ப்பது இயலாத காரியம். அதற்கு ரமாபாய் கண்ட வழி நுட்பமானது. சாரதா சதனத்திற் படித்து முதிர்ந்த பெண்களை அழைத்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு சிறு கூட்டத்தை ஒப்படைத்தார். நேற்று வரை பிறர் காப்பில் இருந்தவள் இன்று பிறரைக் காப்பவளானாள். அவர்களைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, புண்ணுக்கு மருந்திட்டு, எழுத்துக் கற்பித்தவர்கள் இவ்விளம் விதவைகளே. பொறுப்பை ஏற்பதினும் சிறந்த பயிற்சி வேறில்லை என்பதை அம்மையார் நூல் வாயிலாக அறிந்தாரல்லர்.

1900ஆம் ஆண்டையொட்டிக் குஜராத்திற் பஞ்சம் வந்தபோது முக்தியின் பெண்களே அங்குச் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்டோரை அழைத்து வந்தனர். அவ்வாண்டின் இறுதியில் முக்தியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தனர். வஞ்சிக்கப்பட்டுக் கெட்ட பெண்களுக்குக் கிருபா சதனம் என்னும் தனியில்லம் அமைந்தது. புல்ஹாமிற் கண்ட காட்சி மராட்டிய மண்ணில் இவ்வாறு உருப்பெற்றது. கண்ணற்றவர்க்குத் தடவிப் படிக்கும் எழுத்தை மனோரமா கற்பித்தார். படிப்பில் முந்தியோர் ஆசிரியைகளாயினர். மற்றோர்க்கு உழவு, பால்பண்ணை, செக்காட்டுதல், தையல், சலவை, நெசவு, அச்சுத்தொழில் முதலிய பல தொழில்கள். பெண்கள் எழுத்துக் கோத்து, அச்சிட்டு, நூல் கட்டும் அச்சகம் அக்காலத்தில் இந்தியாவில் அரியதோர் காட்சி.

நெசவு என்றதும் என் ஊரைப் பற்றிய ஒரு சொல்லை இங்கே சேர்க்காமல் இருக்க இயலவில்லை. பெரணமல்லூர் ஆரணிப் பட்டு நெய்யும் ஊர். அங்கே தறிக்குழியில் இறங்கியவனெல்லாம் ஆளானவன் என்று எவரும் கொள்ளார். தார் சுற்றவும் பாவு பிணைக்கவும் கற்றபின், கூலிக்கு நெய்கின்றான். பட்டும் சரிகையும் முதலாளியுடையன. வாங்கிய முன்பணம் தீருமட்டும் தறியை விட்டு நகர வழியில்லை. தொழில் தெரிந்தும் கட்டுண்டவனாகவே பலர் காலம் கழிப்பதுண்டு. சொந்தத் தறியில் சொந்தப் பாவை ஏற்றுகின்ற நாளே அவனுக்குத் திருநாள். ஆதலின் முக்தியின் நெசவுச்சாலையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கொரு வினா எழும். அங்கே கற்ற பெண்களுள் எத்தனை பேர் வெளியே சென்று தம் தறியைத் தாமே நாட்டினர்? ஆசிரியைகளாகவும் தாதியராகவும் போதகம் செய்வாராகவும் பலர் வெளிச்சென்றனர். மணம்செய்து குடும்பம் நடத்தினர் பலர். முக்தியிலேயே முதுமை எய்தியவர்களும் பலருளர். சாதியும் சுற்றமும் கைவிட்ட பெண்ணுக்கு வெளியுலகில் வீடு தர அந்நாளில் ஊர் ஏது? பெண்ணைத் தனித்து வாழவிடாத சமூகத்தில், விடுதியின் மதிலே விடுதலையின் எல்லையாகவும் அமைந்தது. இதனை அம்மையாரின் குறையென்று கூறுதல் நேர்மையன்று. ஆயினும் பூனாவில் முப்பது பெண்களைக் கொண்டு நடந்த சிறுபள்ளியிற் கண்ட தனிமுகங்கள், இரண்டாயிரவர் கூட்டத்திற் சற்று மங்கியே தோன்றுகின்றன என்பது என் எண்ணம். 1905ஆம் ஆண்டு முக்தியில் எழுந்த ஆவிக்குரிய எழுச்சி உலகப் புகழ் பெற்றது. அதன்பின் அவ்வில்லம் வெளியுலக இயக்கங்களினின்று மேலும் ஒதுங்கியது. பூனாவின் சீர்திருத்தக்காரரும் ரமாபாயின் பெயரைச் சொல்லுவதை மெல்ல நிறுத்திக்கொண்டனர்.

அவர் காட்டிய நெறி பிறவிடங்களில் பிறர் கையில் வளர்ந்தது. நம் தமிழகத்தில், தாமே குழந்தை விதவையாயிருந்து பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1912ஆம் ஆண்டு சென்னையில் இளம் அந்தண விதவைகளுக்கு விடுதி அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக்கினார். அவர் இந்து சமயத்தினின்று மாறாதவர். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901ஆம் ஆண்டு முதல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்படவிருந்த சிறுமியரை ஏற்று வளர்த்தார். மூவரும் மூன்று வகையினர். மூவர் வீட்டிலும் திண்ணையில் வந்து நின்ற குழந்தை ஒன்றே.

இரண்டாயிரம் பெண்களைத் தம் காலில் நிற்கப் பழக்கிய அம்மையார் தாம் ஒருவர்மேல் முற்றும் சாய்ந்திருந்தார். அவர் மகள் மனோரமாவே. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, சாரதா சதனத்தை நடத்தி, தாயின் செவி மந்தமாக மந்தமாகத் தாமே அவர் செவியாகவும் இருந்தவர் மனோரமா. தாய்க்குப்பின் முக்தியை ஏற்பவர் அவரே என்று அனைவரும் எண்ணியிருந்தனர். மனோரமாவுக்கென வேறொரு வாழ்வு இருந்திருக்கலாமோ என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உழைப்பால் உடல் நலிந்து 1921ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நாற்பது வயதில் அவர் காலமானார். தாய் எஞ்சினார்.

அப்பொழுது ரமாபாயின் மேசைமேல் முடியாத வேலை ஒன்று கிடந்தது. அக்காலத்து மராத்தி வேதாகமத்தின் நடை, ஏட்டறிவு குறைந்த பெண்களுக்கு எட்டாததாயிருந்தது. நாட்டுப்புறத்துப் பெண் எவர் உதவியுமின்றித் தானே வாசித்து உணரத்தக்க எளிய மராத்தியில் அதனைப் பெயர்க்க எண்ணி, எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார். போதகர் ஒருவர் அருகிருந்து பொருள் சொல்லாமலே ஒருத்தி படிக்கலாம் என்பது அவர் கருத்து. அச்சுப்படிகளைத் திருத்தும் வேலை முடிந்த அணிமையில், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இரவு உறக்கத்தில் உயிர் பிரிந்தது. வயது அறுபத்துநான்கு ஆகச் சில நாட்களே குறைவு. முக்தியின் பெண்களே பெட்டியைச் சுமந்து சென்று அடக்கம் செய்தனர்.

1989ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. கேட்காவ்மில் முக்தி இன்றும் நடந்து வருகின்றது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே வாழ்ந்து பயில்கின்றனர். அம்மையார் மொழிபெயர்த்த வேதாகமம் முழுவதும் 1924ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு எழுத்துக் கோத்தவர்களும், அச்சிட்டவர்களும், கட்டடம் கட்டியவர்களும் முக்தியில் வளர்ந்த பெண்களே.